யோர்தானுக்குப் போன பெட்டி

எங்கள் வீட்டிலிருந்து புனித பூமிக்குக் கிளம்பியவை மொத்தம் நான்கு உருப்படிகள். செங்கல்பட்டில் கம்பவுண்டராக இருக்கும் நான், என் மனைவி லூர்து, பத்து வயது மகள் பிலோமினா, அப்புறம் ஒரு மரப்பெட்டி. முதல் மூன்றும் தாமாக ஏறின, தாமாக இறங்கின. நான்காவதைத் தூக்குவதற்குப் போகிற ஊரிலெல்லாம் ஆள் தேடவேண்டியிருந்தது. பாதிப் பயணம் எனக்கு அதிலேயே போயிற்று.

அது மாமரப் பலகையில் செய்த பெட்டி. நீளம் அதிகம், அகலம் குறைவு. ரயில் பெஞ்சுக்கு அடியில் நுழைத்தால் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு எதிர் சீட்டுக்காரர் முழங்காலைப் பதம் பார்க்கும். வீட்டில் நல்ல தகரப் பெட்டி ஒன்று, பூப்போட்டது, சும்மாதான் கிடந்தது. அதை எடுத்துப் போகலாம் என்று எத்தனை தடவை சொல்லியும் லூர்து கேட்கவில்லை. அவளுடைய அண்ணன் சவரி கோவளத்தில் ஆள் வைத்துச் செய்து கொடுத்த பெட்டியாம், அதுதான் வரவேண்டுமாம். பிறந்த வீட்டுச் சாமான் என்றால் பெண்களுக்கு இருக்கிற பிடிவாதம் என்று நானும் விட்டுவிட்டேன்.

போனது ஒரு நேர்ச்சைக்காக. ஆறு வருஷத்துக்கு முன்னால் பிலோமினாவுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. மூச்சு விட முடியாமல் நீலம் பாரித்துப்போய்க் கிடந்தாள். அப்போது லூர்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முழந்தாளில் நின்று, பிள்ளை பிழைத்தால் யோர்தான் ஆற்றில் வந்து தன் தலைமுடியைக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டுவிட்டாள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு மொட்டை புதிதல்ல. ஆனால் எல்லோரும் வேளாங்கண்ணியோடு நிறுத்திக்கொள்வார்கள். இவள் கடல் தாண்டிப் போய்விட்டாள்.

அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். பிலோமினாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ சின்ன சீசாவில் வைத்திருந்த யோர்தான் தண்ணீரில் இரண்டு சொட்டைத் தொட்டியில் கலந்தார். எந்தத் தண்ணீர் பிள்ளையைத் தொட்டதோ அந்தத் தண்ணீரிடம்தானே கேட்கவேண்டும் என்பாள். பங்குச் சாமியார் நல்ல மனுஷர். இவ்வளவு தூரத்து நேர்ச்சையை இங்கேயே வேறு பக்தி முயற்சியாக மாற்றிக்கொள்ளத் திருச்சபையில் இடமுண்டு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். லூர்து அவர் கையை முத்தி செய்துவிட்டு, "வாக்கு குடுத்தது நானு சாமி, மாத்திக்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

என் கட்சி வேறு. பிள்ளை பிழைத்தது மதியப் பாசஞ்சரில் மதராஸிலிருந்து வந்திறங்கிய சீரம் ஊசி மருந்தாலும், தொண்டையில் டாக்டர் போட்ட துளையாலும்தான். விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான், எனக்குத் தெரியாதா? இதைச் சொல்லி ஆறு வருஷமாக அவளைச் சீண்டிக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்கு முழங்கால் வரைக்கும் வளர்ந்துவிட்ட முடியைச் சீவிப் பின்னிக்கொண்டு இருப்பாள்.

பாஸ்ராத் துறைமுகத்தில் தலைமைச் சமையற்காரனாகிவிட்ட சவரி, தங்கையின் நேர்ச்சையை முடித்துவைக்க முன்வந்தான். அதற்கப்புறம் நடந்த பாஸ்போர்ட், தடுப்பூசி, டிக்கெட் சங்கதிகளை எழுதினால் படிப்பவர்களுக்குத் தலைவலி வரும். ஒரு தவக்காலத்தின் தொடக்கத்தில் நாங்கள் பம்பாயில் கப்பலேறினோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மேல்தளப் பிரயாணிகளுக்குக் கப்பலில் அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. லூர்து நல்ல இடமாகப் பார்த்துப் பெட்டியைச் சுவர்போல வைத்து, இந்தப் பக்கம் எங்கள் வீடு என்று எல்லை பிரித்துவிட்டாள். முதல் நாளே கடல் கொந்தளித்தது. கோவளத்துக் கடற்கரையில் பிறந்தவள் அசையாமல் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். கொளவாய் ஏரியைத் தவிர வேறு தண்ணீரை அறியாத நான், மற்றவர்களுக்கு வாந்திக்கு மருந்து கலக்கிக் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, அடுத்தவருக்குக் கலக்கினேன்.

மூன்றாம் நாள் பசி திரும்பியது. கப்பல் சமையலில் பருப்பு என்று ஊற்றியது நாலு வீடு தள்ளிக் கொதித்த பருப்பாக இருக்கவேண்டும். லூர்து பெட்டியைத் திறந்து நெல்லிக்காய் ஊறுகாயையும் சுட்ட கருவாட்டையும் எடுத்தாள். கருவாட்டு வாசனை கிளம்பியதும் சுற்றியிருந்த பஞ்சாபிக் குடும்பங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டன. அதே வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எங்களிடம் வந்தார். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் தோல் வியாபாரம் செய்யும் காதர் பாய். பாக்தாதிலுள்ள தர்காவுக்கு நேர்ச்சை செலுத்தப் போகிறாராம். ஊரில் எதிரெதிராகப் போகும்போது தலையசைப்பதோடு சரி. அரபிக்கடல் நடுவில் அண்ணன் தம்பியாகிவிட்டோம்.

அவர்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டார். லூர்துவின் நேர்ச்சையைக் கேட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு, "கம்பவுண்டரே, அந்தப் பக்கத்துல பொம்பளைக்கு எவனும் மொட்ட போடமாட்டான். கத்தி எடுத்துக்கினு போறீங்களா?" என்றார்.

நான் சிரித்தேன். ஆறு என்று ஒன்று புனிதமாக இருந்தால் அதன் கரையில் நாலு நாவிதர்கள் கல்லைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நம்மைப் பார்த்ததும் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள். நான் பார்த்த புண்ணிய இடமெல்லாம் அப்படித்தான் இருந்தது. சேசுநாதரே ஞானஸ்நானம் பெற்ற ஆற்றில் நாவிதர் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். காதர் பாய் இன்னொரு துண்டு கருவாடு எடுத்துக்கொண்டார். இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு அந்தச் சிரிப்புதான்.

பாஸ்ராவில் சுங்கக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தார், மூக்கைப் பொத்தினார், மூடினார். அவ்வளவு சுருக்கமான சோதனை அந்தத் துறைமுகத்திலேயே நடந்திருக்காது. சவரி வெளியே காத்திருந்தான். "மச்சான், நீங்க செஞ்சு குடுத்த பொட்டி எங்க உசுர வாங்குது" என்றேன். சவரி என்னைப் பார்த்துவிட்டுத் தங்கையைப் பார்த்தான். பிறகு பெட்டியின் மூடியைத் தட்டிக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

அவன் வீட்டில் இரண்டு நாள் இருந்தோம். ஆற்று மீனை இரண்டாகப் பிளந்து, நெருப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து வாட்டிக் கொடுத்தான். நம்மூர்ப் புளியும் மிளகாயும் தடவியிருந்தால் அதை அடிக்க ஆள் கிடையாது. ரொட்டியை அங்கே தட்டில் வைப்பதில்லை. துண்டு மாதிரி மடித்துக் கையில் கொடுக்கிறார்கள். பிலோமினா அதைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கினாள்.

ரயிலில் கூடவே வந்த காதர் பாய் பாக்தாதில் விடைபெற்றார். பிலோமினாவின் தலையில் கைவைத்துத் துவா ஓதிவிட்டு, ஜெருசலேமுக்குப் போகிறவர்கள் தனக்காகவும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று லூர்துவிடம் சொன்னார். அவளும் அவருடைய தர்காவில் பிள்ளைக்காகக் கேட்கச் சொன்னாள். எந்த வாசலையும் விட்டுவைப்பதில்லை என்ற முடிவோடுதான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து பாலைவனப் பஸ். பாலைவனம் என்றால் மணல் என்று நினைத்திருந்தேன். முந்தின நாள் பெய்த மழையில் அது சேறாகக் கிடந்தது. உச்சி வேளையில் பஸ்ஸின் பின்சக்கரங்கள் அச்சுவரை இறங்கிவிட்டன. எல்லோரும் இறங்கி, முட்டுக்காட்டில் தரை தட்டிய ஓடத்தைத் தள்ளுவதுபோலத் தள்ளினோம். பஸ் நகரவில்லை. என் ஒரு செருப்பு மட்டும் சேற்றுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது.

சக்கரத்துக்கு அடியில் கொடுக்கப் பலகை வேண்டும் என்றார் டிரைவர். சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை ஒரு செடி கிடையாது. அவர் பார்வை பஸ்ஸின் கூரைக்குப் போய், எங்கள் பெட்டியில் நின்றது. இரண்டு பேர் ஏறி அதை இறக்கினார்கள். ஒருவர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சனியன் ஒழிந்தது, ஜெருசலேமில் ஒரு தோல்பை வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

லூர்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னேன், டிரைவர் சைகையில் சொன்னார், ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. இருபது பேருக்கு முன்னால் எனக்கு மானம் போயிற்று. மரத்துண்டுக்காக இத்தனை பேரை நடுக்காட்டில் நிறுத்துகிறாயே என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தாமல், "என் மேல வண்டிய ஏத்திட்டு எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள்.

கடைசியில் ஒருவர் தன் கம்பளத்தைக் கொடுத்தார், மற்றவர்கள் சாக்குகளைக் கொடுத்தார்கள், பஸ் வெளியே வந்தது. அதற்குப்பின் எங்களோடு யாரும் பேசவில்லை. பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள்கூட எங்கள் வரிசையைத் தாண்டிப் போய்விட்டாள். நானும் லூர்துவோடு பேசவில்லை. ஒற்றைச் செருப்போடு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, மறக்க நினைக்கும் ஒரு காரியத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதிவிடுவதே நல்லது.

பிலோமினா நீலம் பாரித்துக் கிடந்த அன்று காலை, நான் ஆஸ்பத்திரியிலிருந்து ரயிலடிப் பக்கம் போனேன். சீரம் வருகிறதா என்று பார்க்கப் போவதாக லூர்துவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனால் நான் போனது அங்கே பட்டறை வைத்திருந்த மர ஆசாரியிடம். அந்த வியாதியில் அந்த நிலைக்கு வந்த எட்டுக் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன், எட்டும் போய்விட்டன. மத்தியானத்துக்குமேல் ஆளைத் தேடி அலையமுடியாது என்று மூளை கணக்குப் போட்டது. மூன்றரை அடி என்று அளவு சொல்லிவிட்டு வந்தேன். நான் திரும்பி வந்தபோது லூர்து தாழ்வாரத்தில் முழந்தாளில் இருந்தாள். மத்தியானம் சீரம் வந்தது, பிள்ளை பிழைத்தது. ஆசாரியிடம் போய் வேண்டாம் என்று சொல்லவேண்டும். என்னால் போகமுடியவில்லை. என்ன முகத்தோடு போவது? அந்தத் தெரு வழியாக நடப்பதையே விட்டுவிட்டேன். இதை யாரிடமும், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட, நான் சொன்னதில்லை.

ஜெருசலேமுக்கு வந்து சேர்ந்ததும் எங்கள் சண்டை தானாக அடங்கிவிட்டது. ஆண்டவருடைய கல்லறைக் கோயிலில் லூர்து கல்லின்மேல் நெற்றியை வைத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள். பெரிய பக்திமான் அல்லாத நானும் அவள் பக்கத்தில் முழந்தாளிட்டேன். வெளியே வந்ததும் ஒரு வழிகாட்டி பிடித்துக்கொண்டார். இந்தக் கல்லில் ஆண்டவர் சாய்ந்தார், இந்தக் கல்லில் மாதா உட்கார்ந்தார் என்று ஒரு கல்லையும் விடவில்லை. மகாபலிபுரத்தில் பஞ்சபாண்டவர்களை வைத்துக்கொண்டு நம்மவர்கள் செய்கிற வேலைதான். பிலோமினா ஒரு சாதாரணக் கல்லைக் காட்டி, "நைனா, இதுல யாரு குந்துனது?" என்று கேட்டாள்.

மறுநாள் யூசுப் என்பவருடைய காரில், பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, எரிக்கோவுக்கு இறங்கினோம். யூசுப் வெள்ளைக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், இங்கிலீஷ் தெரிந்தவர். அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஆற்றங்கரையில் மடம் இருக்கிறது, காவல் சிப்பாய்கள் இருக்கிறார்கள், நாணல் இருக்கிறது. நாவிதர் யாரும் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. காதர் பாயின் தாடி என் கண்முன்னால் வந்தது. பின்சீட்டில் லூர்து பின்னலை முன்பக்கம் இழுத்துப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் கூட்டிவந்து ஒரு கத்தி இல்லாமல் நிற்கவைத்துவிட்டேனே என்று பையைத் துழாவினேன். என் பையில் இருந்தது ஒரு சேஃப்டி ரேசரும் மழுங்கிப்போன ஒரே பிளேடும்தான்.

எரிக்கோவில் யூசுப் ஒரு சவரக் கடைக்குக் கூட்டிப்போனார். எந்தப் பேச்சையும் எடுப்பதற்கு முன்னால் காப்பி வந்தது. கடைக்காரர் குடித்த அதே மாதிரிச் சின்னக் கிண்ணத்தில், எங்கள் எல்லோருக்கும். பிறகு என் பயணத் தாடியைப் பார்த்துச் சிரித்து, நாற்காலியில் உட்காரவைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஹிந்த் என்றேன். அவருக்கு அது போதும். வெந்நீர்த் துண்டை முகத்தில் சுற்றி, விரலால் தாடையைத் திருப்பித் திருப்பிச் சிரைத்தார்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். என் தகப்பனார் படாளம் பக்கத்தில் ஒரு பண்ணையில் படியாளாக இருந்தவர். ஊர் நாவிதர் எங்கள் தலையில் கை வைக்கமாட்டார். எங்கள் தெருவில் ஒவ்வொரு அப்பனும் தன் பிள்ளைகளுக்குத் தானே சிரைத்துக்கொள்ளவேண்டும். டீக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை. எத்தனையோ கடல் தாண்டி வந்த இடத்தில், பேர்கூடக் கேட்காத ஒரு மனிதர் என் கழுத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரைத்தபோது துண்டுக்குள் கண் கலங்கிவிட்டது. சோப்பு பட்டுவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அப்புறம் யூசுப் விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் முகம் மாறியது. அவர் சொன்னதை யூசுப் எனக்கு இங்கிலீஷில் சொன்னார்: "இங்கே பெண்ணின் முடியை வெட்டினால் அது தண்டனையாக இருக்கும், இல்லாவிட்டால் சாவாக இருக்கும். என் கை அதைச் செய்யாது." அதற்குமேல் வற்புறுத்த வழியில்லை. லூர்து என்னைப் பார்க்கவில்லை. பிலோமினாவைக் கூப்பிட்டு, கவுனின் கழுத்துப் பொத்தானைக் கழற்றி, தொண்டைக் குழியிலிருந்த தழும்பைக் கடைக்காரருக்குக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். யூசுப் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைக்காரர் கத்தியைத் தோல்வாரில் நாலு தடவை தீட்டி, மடித்து, ஒரு துணியில் சுற்றி என் கையில் வைத்தார். "என் கை செய்யாது. கத்தி போய்விட்டு வரட்டும். சாயங்காலம் கொண்டுவந்து கொடு" என்று சொன்னதாக யூசுப் சொன்னார். அந்தக் கை என்னுடையதாக இருக்கவேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

யோர்தானைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. நம்ம பக்கிங்ஹாம் கால்வாய்கூட அதைவிட அகலம். பழுப்புத் தண்ணீர், இரண்டு பக்கமும் நாணல், கரையில் துப்பாக்கியோடு சிப்பாய். பிலோமினா, "இவ்ளோதானா?" என்றாள். ஆனால் வேகம் இருந்தது. காலை வைத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும்போல ஓடியது.

லூர்து காரைவிட்டு இறங்கியதும், பெட்டியையும் இறக்கவேண்டும் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டிக்கும் மொட்டை போடப் போகிறாயா என்று கேட்டேன். யூசுப் சிரித்துக்கொண்டே ஒரு பக்கத்தைப் பிடித்தார், இன்னொரு பக்கத்தை நான் பிடித்தேன். தண்ணீர் ஓரமாக வைத்தோம். அவள் ஆற்றைப் பார்த்தபடி பெட்டியின்மேல் உட்கார்ந்து, பின்னலை அவிழ்த்துவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனையோ நோயாளிகளுக்கு நான் சிரைத்துவிட்டிருக்கிறேன்.  அன்று கத்தியைத் திறந்துவிட்டு மறுபடி மடித்துவைத்தேன். முதலில் லூர்துவின் தையல் கத்தரியால் வெட்டினேன். வெட்ட வெட்ட அவள் மடியில் வாங்கிக்கொண்டாள். அங்கங்கே நரைத்திருந்தது, எனக்குத் தெரியாது. ஆற்றுத் தண்ணீரை அள்ளித் தலையில் தேய்த்துக் கத்தியை வைத்தேன். ஒரு கீறலும் விழாமல் செய்து முடிக்க முக்கால் மணி ஆயிற்று. அதுவரை அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்து முடியைத் தண்ணீரில் விட்டாள். நாணலில் ஒரு நிமிஷம் சிக்கிக்கொண்டிருந்துவிட்டு அது அடித்துக்கொண்டு போயிற்று.

கொஞ்சம் தள்ளிக் கிரேக்கப் பெண்கள் நாலைந்து பேர் நீண்ட வெள்ளை அங்கியோடு முங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் வயதான ஓர் அம்மாள் லூர்துவின் தலையைப் பார்த்துவிட்டு ஈரத்தோடு ஓடிவந்தாள். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, யார் செத்தது என்று சைகையில் கேட்டாள். லூர்து பிலோமினாவை இழுத்து முன்னால் நிறுத்தித் தழும்பைக் காட்டி, இல்லை என்று தலையாட்டினாள். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பிலோமினாவின் தொண்டையில் முத்தமிட்டாள், அவளும் லூர்துவும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்புறம் அந்த அம்மாள் தன் வெள்ளை அங்கியைப் பிடித்துக் காட்டி என்னவோ சொன்னாள். யூசுப் விளக்கினார். இந்த ஆற்றில் நனைத்த அங்கியை அப்படியே மடித்து ஊருக்கு எடுத்துப்போவார்களாம். செத்தால் அதைத்தான் போட்டுப் புதைப்பார்களாம்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் லூர்து அந்த ஈர அங்கியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, சாமான்களை எடுத்துப் புல்மேல் வைத்துவிட்டு, கை நிறையத் தண்ணீர் அள்ளி அதன் பலகைகளைக் கழுவ ஆரம்பித்தாள். உள்ளே, வெளியே, மூடி, அடிப்பக்கம். கருவாட்டு வாசனைக்காக என்று நினைத்தேன்.

"இது எங்கண்ணன் குடுத்தது இல்லீங்க" என்றாள், திரும்பாமல். "ரயிலடி ஆசாரி குடுத்தது."

கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டேன்.

பிள்ளை வீடு திரும்பிப் பதினைந்து நாள் கழித்து, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆசாரி வந்திருக்கிறார். அறுத்துவைத்த பலகையை என்ன செய்வது என்று கேட்கத் தயங்கி நின்றிருக்கிறார். எதற்கு அறுத்தது என்று அவர் சொல்லவில்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிலோமினாவைப் பார்த்துவிட்டு அவர் கண் கலங்கியதிலேயே இவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதே பலகையில் ஒரு பெட்டி செய்து தரச் சொன்னாள். நீளத்தைக் குறைக்கவேண்டாம் என்றும் சொன்னாள். அண்ணனுக்கு மட்டும் தெரியும்.

எதற்காக ஆறு வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டேனா, அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

"இன்னாத்த சொல்றது? ஆஸ்பத்திரியில தெனம் பாக்கறவரு, உங்களுக்குத் தெரிஞ்சத நீங்க செஞ்சீங்க. எனக்குத் தெரிஞ்சத நான் செஞ்சேன்." ஈரக் கையால் மொட்டைத் தலையைத் துடைத்துக்கொண்டாள். "இவ போறதுக்கு அறுத்த பலக. இவ துணிமணி இதுல போய்ட்டு வரட்டும்னு எடுத்தாந்தேன். அதுவும் நேர்ச்சதான்."

நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பாலைவனத்தில் எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தியது, கப்பலில் பெட்டியைச் சபித்தது, அதைக் காலால் உதைத்து நகர்த்தியது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன.  சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டியின் மறுபக்கத்தை நான் கழுவினேன்.

சாயங்காலம் கத்தியைத் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரர் லூர்துவை நேராகப் பார்க்காமல், பிலோமினாவின் கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தார். மறுநாள் பெத்லேகம் போனோம். அதன்பிறகு நாங்கள் பார்த்த இடங்களைப் பற்றி எழுதக் குறிப்புகள் வைத்திருக்கிறேன், ஆனால் நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. என் கண் பெட்டியிலேயே இருந்தது. திரும்பும் பஸ்ஸில் அதைக் கூரையில் போடவிடாமல், உள்ளே குறுக்கே வைத்து, அதன்மேல் கால்படாமல் இரண்டு நாள் உட்கார்ந்து வந்தேன்.

செங்கல்பட்டில் இறங்கியபோது காலை எட்டு மணி இருக்கும். ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. லூர்துவின் முக்காட்டுக்குள் முடி அரை விரற்கடை வளர்ந்திருந்தது. போர்ட்டர் ஓடிவந்து, "இன்னா கம்பவுண்டரே, பொட்டிய நான் தூக்கிக்கினு வரட்டா?" என்றார். வேண்டாம், என் தலையில் ஏற்றிவிட்டால் போதும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏற்றிவிட்டார்.

வீட்டுக்குச் சுற்றுவழி இருக்கிறது, ஆறு வருஷமாக அதில்தான் போய்வந்தேன். அன்று நேர்வழியில் திரும்பினேன். லூர்து பின்னால் வந்தாள். பிலோமினா கையில் ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து வைத்திருந்தாள், அதை முகர்ந்துகொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். பட்டறை திறந்திருந்தது. ஆசாரி இழைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, என் தலையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். அப்புறம் முன்னால் போய்க்கொண்டிருந்தவளைப் பார்த்தார். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.